மிருதுளா சொன்னதும் நான் சொன்னதும்

மார்ச் 4, செவ்வாய்

ஷகிலா டீச்சர் சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மிருதுளா ஒவ்வொரு நாளும் என்ன சொல்கிறாள் என்று வீட்டில் யாராவது எழுதி வைக்க வேண்டுமாம். "அம்மா எழுதட்டுங்ணா" என்றார் டீச்சர். என் மனைவி பூங்கோதை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு எங்கே நேரம் என்று சொல்லி நானே பொறுப்பை வாங்கிக்கொண்டேன். என் மகள் மனதில் ஓடுவது என்னைவிட யாருக்குத் தெரியும்?

முறையாகவே எழுதுகிறேன். என் பெயர் சென்னியப்பன். ஈரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் சேல்ஸ்மேன். படியேறி வரும் பெண்ணின் கண்ணைப் பார்த்தே என்ன நிறம், எந்த மாதிரிக் கரை, எந்த விலை வரைக்கும் போவார் என்று கண்டுபிடித்துவிடுவேன். அவர் வாயைத் திறப்பதற்குள் சேலை மெத்தையில் விரிந்திருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதலாளியே, "சென்னியப்பனப் பார்த்துக் கத்துக்கங்க" என்பார். இதைப் பெருமைக்காக எழுதவில்லை, உண்மை அதுதான்.

மிருதுளாவுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். கைகால் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. வாயில் சத்தம் வரும், வார்த்தை வராது. மற்றபடி அவளுக்குப் புரியாதது ஒன்றும் கிடையாது. சீரியலில் யார் கெட்டவன் என்று எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்து நாற்காலியில் குதிப்பாள். டீச்சர் அரசாங்கச் சிறப்பாசிரியர். வாரா வாரம் பவானியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறார். அவர் சொல்லித்தான் படப்பலகை செய்தோம். பிளைவுட் துண்டில் படங்களை ஒட்டி, சக்கர நாற்காலியின் முன்தட்டில் பொருத்தியிருக்கிறது. மிருதுளா கையை நகர்த்தி வேண்டிய படத்தின் மேல் வைப்பாள். அதுதான் அவள் பேச்சு. கை ஒரு பக்கம் கிளம்பி வேறு பக்கம் போய்விடுவதால் நான் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் உதவி செய்கிறேன்.

இன்று மிருதுளா சொன்னது: பால் வேண்டும். தோசை வேண்டும். பப்பாளி வேண்டும். அப்பா நல்ல அப்பா.

மார்ச் 6, வியாழன்

மிருதுளா சொன்னது: பப்பாளி வேண்டும் (இரண்டு முறை).

பப்பாளி என்றால் உயிர் அவளுக்கு. தட்டைக் கொண்டுபோனால் வெட்கப்பட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். தாடையைத் தொட்டுத் திருப்பி ஊட்ட வேண்டும். இன்று ஊட்டிக்கொண்டிருக்கும்போது பூங்கோதை, "ஏனுங்க, அவளுக்குப் பப்பாளி..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் தெரியும், இன்னும் ரெண்டு துண்டு எடுத்துட்டு வா" என்றேன்.

எடுத்துக்கொண்டு வந்தாள். பூங்கோதைக்கு அதிகம் பேச்சுக் கிடையாது. நல்ல குணம்.

மார்ச் 8, சனி

டீச்சர் வந்தார். பலகையை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "'வேண்டாம்' படம் எங்கீங்ணா?" என்று கேட்டார்.

டீச்சர் கொடுத்த பட்டியலில் 'வேண்டாம்' என்று ஒரு படம் இருந்தது உண்மைதான். நான்தான் ஒட்டவில்லை. என் வீட்டில் என் மகளுக்கு வேண்டாத எதையும் யாரும் கொடுப்பதில்லை. பிறகு எதற்கு அந்தப் படம்? அந்தக் கட்டத்தில் முருகன் படத்தை ஒட்டிவிட்டேன். குழந்தை தினமும் சாமியைத் தொட்டமாதிரியும் ஆயிற்று. இதைச் சொன்னதும் டீச்சர் சிரித்தார். ஆனால் விடவில்லை.

"கோபம்னு ஒரு படம் குடுத்திருந்தனே?"

"என்ற புள்ளைக்குக் கோபமே வராதுங்க."

"எனக்கு ஒம்பது வயசுல வந்துதுங்ணா. மூக்குக்கு மேல வரும்."

அவர் வளர்ந்த வீடு அப்படி.

மார்ச் 14, வெள்ளி

முக்கியமான நாள். எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வளர்மதி அம்மா கூப்பிட்டிருந்தார். மிருதுளாவின் பெயர் அந்தப் பள்ளிப் பதிவில்தான் இருக்கிறது, படிப்புதான் வீட்டில் நடக்கிறது. வரும் ஜூனிலிருந்து அவளை நாலாம் வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட வேண்டும் என்பது ஷகிலா டீச்சரின் ஆசை. என் ஆசையும். காலையில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது மிருதுளா போடுகிற சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் அந்த ஆசை வரும்.

தலைமையாசிரியை அவள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மிருதுளா, என்ன பாடம் கண்ணு புடிக்கும்?"

"கணக்குங்க" என்றேன்.

"யார்கூட வெளையாடுவே?"

"என்கூடத்தானுங்க. நான் வர்ற வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருப்பா."

"பள்ளிக்கூடத்துக்கு வர இஷ்டமா?"

"அதையே நெனச்சுட்டு இருக்கறாங்க. ராத்திரி தூங்கறதே இல்லை."

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மிருதுளா வீலென்று கத்தி, கைகால் எல்லாம் விறைத்துக்கொண்டாள். "மணிச் சத்தம் பயமுங்க அவளுக்கு" என்றேன்.

"பயமுங்களா, சந்தோசமுங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியை. பெற்ற அப்பனிடம் கேட்கிற கேள்வியா இது?

கடைசியில் அவர் சொன்னது இது: "நீங்க கூட்டிட்டு வந்தா நான் வேண்டாங்க மாட்டனுங்க. ஆனா வகுப்பு நெறையப் புள்ளைங்க. இவளுக்குப் பசிக்குதா, வலிக்குதா, பாத்ரூம் போகோணுமான்னு இவதான் டீச்சருக்குச் சொல்லோணும். அங்க நீங்க இருக்க மாட்டீங்க. இன்னைக்கு உங்க பொண்ணுகிட்டப் பேசலாம்னு கூப்பிட்டேன். பேசுனது பூராம் உங்ககிட்டத்தான். மே மாசக் கடைசீல இன்னொருக்காக் கூட்டிட்டு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா, இன்னும் ஒரு வருசம் வீட்டுலயே படிக்கட்டும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் மிருதுளா ஒரு சத்தம் போடவில்லை.

மார்ச் 15, சனி

அந்த அம்மாவுக்குத் திமிர்.

மார்ச் 22, சனி

டீச்சர் எனக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். மிருதுளாவுக்கு அல்ல, எனக்கு. ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அவள் பதில் சொல்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

"எவ்வளவு நேரமுங்க?"

"அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகுதோ அவ்வளவு நேரம். மனசுக்குள்ள ஒரு பாட்டு முழுசாப் பாடுங்க. முடிஞ்சா இன்னொரு பாட்டு."

செய்து பார்த்தேன். "பால் வேணுமா, தண்ணி வேணுமா?" என்று கேட்டுக் கையைக் கட்டினேன். அவள் கை கிளம்பி, ஆடி, மேலே போய், கீழே வந்து, விளிம்பில் முட்டி நின்றது. பல்லவி தாண்டவில்லை, கையைப் பிடித்துப் பாலில் வைத்துவிட்டேன். கடையில் ஒரு வாடிக்கையாளரை இவ்வளவு நேரம் சும்மா உட்கார வைத்தால் எழுந்து போய்விடுவார்.

பாலைக் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை போல.

ஏப்ரல் 3, வியாழன்

சித்திரை முகூர்த்தக் கூட்டம். கால் வீங்கிவிட்டது. மிருதுளா நலம்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று ஒரு வியாபாரம் கைவிட்டுப் போனது. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். கூறைச் சேலை எடுக்க வந்தார்கள். அம்மா, அத்தை, சித்தி, நடுவில் கல்யாணப் பெண். பெண் வாயே திறக்கவில்லை. நான் அம்மா முகத்தைப் பார்த்தேன், அரக்கு. அத்தை முகத்தைப் பார்த்தேன், மாம்பழ மஞ்சள். விரித்தேன், விரித்தேன், மெத்தை நிறைந்துவிட்டது. பெண்ணின் கண் ஒரு அரக்குச் சேலையில் நின்ற மாதிரி இருந்தது. "அவ்வளவுதானுங்க, அம்மிணிக்கு இது புடிச்சுப்போச்சு. கண்ணே சொல்லுது" என்று மடிக்கப் போனேன்.

அப்போது அந்தப் பெண் பேசியது. சத்தமாகக்கூட இல்லை.

"நான் சேலையப் பார்க்கலீங்ணா. அடுத்து என்ன எடுப்பீங்கன்னு உங்க கையப் பார்த்துட்டு இருந்தேன். எனக்கு வேணுங்கறது நீங்க இன்னும் விரிக்கவே இல்லை."

"அதச் சொன்னா எடுத்துப் போட்டிருப்பனே, அம்மிணி!"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

எழுந்துவிட்டார்கள். எதிர்க்கடைக்குப் போய் ஆலிவ் பச்சையில் எடுத்தார்களாம். நம் அலமாரியில் அதே பச்சை அடுக்கி வைத்திருக்கிறது! முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மிருதுளாவுக்குப் பப்பாளி வெட்டினேன். வழக்கம்போல முகத்தைத் திருப்பினாள். தாடையைத் தொடக் கையை நீட்டியவன், என்னவோ தோன்றிப் பலகையைப் பார்த்தேன். பால், தண்ணீர், தோசை, பப்பாளி, அப்பா, அம்மா, வலி, நல்ல, டிவி, பந்து, முருகன். எல்லாம் நான் வெட்டி நான் ஒட்டியவை.

சேலைக் கடைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். மீதியை நானே சாப்பிட்டேன். அப்படி ஒன்றும் நல்ல பழம் இல்லை.

ஏப்ரல் 12, சனி

டீச்சரிடம், 'வேண்டாம்' படத்தையும் ஒட்டிவிடலாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். ஏன் திடீரென்று மனசு மாறியது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

டீச்சர் கொடுத்த பழைய படம் எங்கேயோ தொலைந்துவிட்டது. போட்டோ எடுத்து ஒட்டலாம் என்றார். பூங்கோதையைக் கதவோரம் நிற்க வைத்து, "வேண்டாம்னு கையைக் காட்டு" என்றேன். காட்டினாள். உள்ளங்கையை நேராக என் மூஞ்சிக்கு எதிரே நீட்டி, கண்ணை நிமிர்த்தி, அப்படி ஒரு முகம். கல்யாணமான நாளிலிருந்து இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. போட்டோ மிக நன்றாக வந்தது.

முருகனைப் பெயர்த்துப் பூஜை அலமாரிக்கு மாற்றினேன். அந்தக் கட்டத்தில் பூங்கோதை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கூடவே 'கோபம்', 'வெளியே', 'பள்ளிக்கூடம்', 'இன்னும்', 'வேறே' என்று டீச்சர் சொன்ன எல்லாவற்றையும் ஒட்டினேன். 'வெளியே' என்பதற்கு எங்கள் வாசற்கதவின் படம். வெளியில் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்பாள் அல்லவா.

ஏப்ரல் 13, ஞாயிறு

மிருதுளா சொன்னது, நான் கையைத் தொடாமல்:

பப்பாளி வேண்டாம்.

அவ்வளவு நேரம் ஆயிற்று. மனசுக்குள் ஒரு பாட்டைப் பாடி முடித்து, அடுத்ததைத் தொடங்கி, பாதியில் வரி மறந்து நிற்கிறேன். கை மெல்ல மெல்ல வந்து பூங்கோதை படத்தின் மேல் விழுந்து, அமுக்கியது. தவறிப் பட்டிருக்கும் என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை கேட்டபோது 'கோபம்' படத்துக்குப் போனாள்.

ஒன்பது வருஷமாகப் பப்பாளி ஊட்டியிருக்கிறேன்.

"உனக்குத் தெரியுமா?" என்று பூங்கோதையைக் கேட்டேன். "தெரியுமுங்க" என்றாள். "அப்புறம் ஏன் சொல்லலை?" அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் என்ன என்று எனக்குப் புரியவில்லை. கண்ணைப் படிக்கிறவன் நான்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ் வருஷப் பிறப்பு. கடையிலிருந்து ரோஸ் கவுன் எடுத்து வந்தேன், முத்து வைத்தது. வேண்டாம். தலைக்கு வெல்வெட் ரிப்பன். வேண்டாம். டிவியில் பாட்டு. வேண்டாம். பாயசம்? கை நேராக 'இன்னும்' என்பதற்குப் போனது. ஊட்டவே இல்லை, அதற்குள் இன்னும்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் வந்தது. ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு இத்தனை வேண்டாமா?

ஏப்ரல் 20, ஞாயிறு

கடையிலிருந்து வந்ததும் மிருதுளா பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்குக் கடையில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுவது என் வழக்கம். யார் பேரம் பேசினார்கள், யாரை எப்படி மடக்கினேன் என்று. அவள் பிறந்த நாள் முதல் ஒரு நாளும் தவறியதில்லை. இன்று ஆரம்பித்ததும் கை கிளம்பியது. 'அப்பா' என்று வைத்தாள். மனசு குளிர்ந்தது. அப்புறம் 'வேண்டாம்'.

சாப்பிடாமல் வாசலில் போய் நின்றேன். யாருக்காக இப்படி உழைக்கிறேன்? பூங்கோதை தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கோவிச்சுட்டீங்களா?"

"எனக்கென்ன கோபம். அவளுக்கு அப்பன் வேண்டாமாமா."

"அப்பன் வேண்டாங்கல. கதைதான் வேண்டாங்கறா. இந்நேரத்துல அவளுக்குத் தூக்கம் வருமுங்க. தெனமும் உங்களுக்காக முழிச்சுட்டு உக்காந்திருப்பா. காலையில சொல்லுங்க, கேப்பா."

இவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டதில்லை. தட்டைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவள், நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"எனக்கும் அந்த மாதிரி ஒரு பலகை செஞ்சு குடுங்க."

கிண்டல்தான். கிண்டலாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் பல் விளக்கும்போது கதை சொன்னேன். மிருதுளா: இன்னும்.

மே 9, வெள்ளி

இதை ஒன்றுவிடாமல் எழுதியாக வேண்டும்.

காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மிருதுளா கூப்பிடும் சத்தம். போனேன். 'அம்மா' என்று வைத்தாள். "அம்மா அடுப்படீல இருக்கறா கண்ணு" என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது. அடுத்து 'வலி' என்று வைத்தாள்.

பாவம், எங்கோ வலிக்கிறது, அம்மாவைக் கூப்பிடுகிறாள் என்று குனிந்து அவள் காலைப் பிடித்துவிடப் போனேன். நாற்காலித் தட்டில் இடித்தாள். மறுபடியும் முதலிலிருந்து: அம்மா. வலி. என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் கண்ணைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு வலி.

அடுப்படிக்குப் போனேன். பூங்கோதை ஒரு பக்கக் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கியிருக்கிறது! நான் அந்தக் கையால் தோசை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

"எப்ப இருந்து?"

"ரெண்டு மூணு நாளா இருக்குதுங்க."

கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கடைவாய்ப் பல்லில் சீழ். இன்னும் விட்டிருந்தால் தாடைக்கு இறங்கியிருக்கும் என்றார் டாக்டர். "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்று என்னைப் பாராட்டினார்.

"நான் இல்லீங்க டாக்டர். என்ற பொண்ணு சொன்னா" என்றேன். "பேச்சு வராது. ஆனா சொன்னா." அங்கே காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

மிருதுளாவுக்கு வேண்டியதை மிருதுளா சொல்வாள் என்றுதான் பலகை செய்தோம். அவளாகக் கூப்பிட்டு முதலில் சொன்னது அவளுக்காக இல்லை. இப்படி ஒரு பிள்ளையை எவன் பெற்றிருக்கிறான்?

மே 17, சனி

டீச்சருக்கு மே 9-ஆம் தேதியை வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னொருக்காப் படிங்ணா" என்றார். படித்தேன். அப்புறம், "இருபத்தெட்டாந் தேதி பள்ளிக்கூடம் போறோம். அன்னைக்கு மட்டும் பேசாம இருந்திருங்ணா" என்றார்.

இதென்ன பெரிய விஷயம்? இப்போதெல்லாம் நான் பேசுவதே இல்லை.

மே 28, புதன்

மிருதுளா பச்சைச் சுடிதார்தான் வேண்டும் என்றாள். ரோஸ் கவுனை நான் எடுக்கவே இல்லை. பூங்கோதை பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டு, "நான் வெளியவே இருக்கறனுங்க" என்று படியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே தலைமையாசிரியை, நாலாம் வகுப்பு டீச்சர், ஷகிலா டீச்சர், மிருதுளா, நான். நான் சுவர் ஓரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மிருதுளா, உன்ற பேரு எனக்குத் தெரியும். உன்னப் பத்தி எதாச்சும் சொல்லு" என்றார் தலைமையாசிரியை.

பலகையைப் பார்த்தாள். கை எழுந்தது. புது இடம், புது மனுஷர்கள், உடம்பு விறைத்துக்கொண்டது. கை மேலே போய் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. நாலாம் வகுப்பு டீச்சர் நாற்காலியில் நெளிந்தார். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தாரா, ஜன்னலைப் பார்த்தாரா தெரியவில்லை. நான் ஒரு பாட்டை முடித்துவிட்டேன். இன்னொரு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கப் போகிறாள் என் மகள் என்று நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அவளுக்குக் கணக்கு நல்லா வருமுங்க. புது இடம், அதனால கொஞ்சம்..."

ஷகிலா டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மிருதுளாவும்.

அந்தக் கை இறங்கியது. 'அப்பா' என்று வைத்தாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள், உதவிக்கு வரச் சொல்கிறாள் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். கை அடுத்த படத்துக்குக் கிளம்பிவிட்டது. நின்றேன். அது பலகையின் குறுக்கே, பாலைத் தாண்டி, பந்தைத் தாண்டிப் போயிற்று. ஒரு இடத்தில் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி தூக்கினாள். நெற்றியெல்லாம் வேர்வை. யாரும் அசையவில்லை. கடைசியில் எங்கள் வாசற்கதவின் மேல் வந்து அமுக்கியது.

அப்பா. வெளியே.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்றாங்களா?" என்று நாலாம் வகுப்பு டீச்சர் கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கேட்ட கேள்வி அவளிடம்தான், பதில் சொல்ல வேண்டியதும் அவள்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மிருதுளா மறுபடியும் ஆரம்பித்தாள். அப்பா. வெளியே. அப்புறம், யாரும் எதிர்பார்க்காமல், இன்னும் கொஞ்சம் நகர்ந்து 'பள்ளிக்கூடம்' என்பதில் கையை வைத்து, அங்கேயே வைத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை.

"புரிஞ்சுது கண்ணு" என்றார் தலைமையாசிரியை. என் பக்கம் திரும்பினார். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்குகிற முகம். "ஏனுங்க, உங்க பொண்ணு சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க" என்றேன். வெளியே வந்தேன்.

படியில் பூங்கோதை. "என்னாச்சுங்க? ஏன் வந்துட்டீங்க?"

"வெளிய போகச் சொல்லீட்டா."

"டீச்சருங்களா?"

"உன்ற புள்ள."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். அப்புறம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அப்படிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. இப்படி அழகாக யாரும் என்னை வெளியே அனுப்பியதில்லை. பூங்கோதை பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்த விஷயம் மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் நிறையச் சொன்னாள். எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை அது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

உள்ளே நெடுநேரம் ஆயிற்று. நடுவில் எல்லாரும் கொல்லென்று சிரிக்கிற சத்தம் கேட்டது. மிருதுளா சத்தமும் அதில் இருந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போக ஒரு துடிப்பு வந்தது. போகவில்லை.

கதவு திறந்தது. "ஜூன் ரெண்டாந் தேதி நாலாங் கிளாஸ். பத்து நிமிசம் முன்னாலயே வந்துருங்க" என்றார் தலைமையாசிரியை. "கொண்டாந்து விட்டாப் போதும். மிச்சத்த அவளே சொல்லிக்குவா."

ஷகிலா டீச்சரை ஸ்கூட்டர் வரைக்கும் துரத்திக்கொண்டு போனேன். "உள்ள என்னதாங்க சொன்னா? எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

"அவகிட்டயே கேளுங்ணா" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, பாயசம் வைத்துக் கொடுத்து, முகம் கழுவிவிட்டு, முன்னால் உட்கார்ந்து கேட்டேன். "கண்ணு, உள்ள டீச்சர்ககிட்ட என்ன சொன்னே?" கையைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். கை புறப்பட்டு, அலைந்து, சுற்றி, அம்மா படத்தின் பக்கம் போய், அதைத் தாண்டி, பூங்கோதை உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருக்கிற படத்தின் மேல் உட்கார்ந்தது.

வேண்டாம்.

சொல்ல மாட்டாளாம்! சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது.

மே 29, வியாழன்

கடையில் முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. சேலை எடுக்க வந்தவர்களிடமும் சொன்னேன். என் மகள் தனியாகப் பேசி நாலாம் வகுப்பில் இடம் வாங்கியிருக்கிறாள், அப்பன்கூட வேண்டாம் என்று அனுப்பிவிட்டுப் பேசினாள் என்று. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அப்படி உள்ளே என்னதான் பேசினாள்?

"தெரியாதுங்க" என்றேன். "அது அவளுக்கும் டீச்சருக்கும். என்கிட்டச் சொல்ல மாட்டேங்கறா."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.